மரம் ஏறத் தெரியும், லைசன்ஸ் இருக்கா?

எங்கள் கூட்டாளி ஒருவன் மரம் வெட்டுகிறவன். ஹட்டன் பக்கம்தான் அவனுடைய தோட்டம். லயத்துக்கு மேலே சாய்ந்து நிற்கிற சவுக்கு மரத்தை, கூரைத் தகரத்தில் ஒரு கிளைகூடப் படாமல் துண்டு துண்டாக இறக்கித் தருவான். கயிறும் கத்தியும் சொந்தம், செயின்சோ வாடகை. ராத்திரியானால் போனில் இங்கிலாந்துக்காரர்கள் மரம் வெட்டுகிற வீடியோ பார்ப்பான். போன வருஷம் ஒருநாள் அந்த நாட்டு வேலை விளம்பரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "இத வாசிச்சு சொல்லுங்கடா" என்றான்.

வாசித்தோம். மரம் ஏறத் தெரிய வேண்டும், செயின்சோவுக்குச் சான்றிதழ் வேண்டும். இதெல்லாம் நாங்கள் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் முதல் வரியிலேயே சாரதி அனுமதிப்பத்திரம் கேட்டிருந்தார்கள். அதோடு ட்ரெயிலர் இழுக்கிற தகுதி, பீ-ஈ.

"மரம் வெட்டுறதுக்கு லைசன்ஸ் எதுக்குடா?"

எங்களுக்கும் அப்போது தெரியாது. தேடிப் பார்த்தால் சங்கதி சாதாரணமானது. அங்கே இரண்டு மூன்று பேர்தான் ஒரு வேலைக்குப் போகிறார்கள். கிளைகளை அரைத்துத் தூளாக்குகிற மெஷினை வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போக வேண்டும். அதற்கென்று தனியாக டிரைவர் இல்லை, மரம் ஏறுகிறவனே ஓட்ட வேண்டும். 1997 ஜனவரி 1க்குப் பிறகு கார் டெஸ்ட் பாஸ் பண்ணியவர்கள், 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலர் இழுப்பதென்றால் பெரும்பாலும் இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சாதாரண கார் லைசன்ஸ் இருந்தால் 3,500 கிலோ வரை இழுக்கலாம். விளம்பரம் எழுதியவர் பழைய வரியை மாற்றவில்லை போல. நம் நாட்டு லைசன்ஸோடு அங்கே குடியேறினால் 12 மாதம் ஓட்டலாம், அதற்குப் பிறகு அங்கத்த டெஸ்ட்தான். விசா வேறு கதை. இதையெல்லாம் நாங்கள் பெரிய மனுஷர் மாதிரி விளக்கிக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்: "எனக்கு இங்கத்த லைசன்ஸே இல்லையே."

இல்லைதான். ஆனால் பதினாலு வயதிலிருந்து லேண்ட்மாஸ்டர் ஓட்டுகிறான்.

தோட்டத்தில் இது யாருக்கும் அதிசயமில்லை. கொழுந்தைக் காய வைக்க ஸ்டோரில் அடுப்பு எரிய வேண்டும், அதற்கு விறகு வேண்டும். டர்பன்டைன் மரத்தைத் துண்டு போட்டு, சரிவிலிருந்து பெட்டியில் ஏற்றி இறக்க வேண்டும். தோட்டத்து ரோட்டில் யாரும் லைசன்ஸ் கேட்பதில்லை. யார் தைரியசாலியோ அவன் ஓட்டுவான்.

தைரியம் போதாது என்று எங்களுக்குக் காட்டியது ஒரு மாமாவின் கால். லேண்ட்மாஸ்டரில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சமதரையில் இடது கை கிளச்சைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பும். கட்டை ஏற்றிய பெட்டி பின்னாலிருந்து தள்ள, பள்ளத்தில் இறங்கும்போது அதே இடது கிளச்சைப் பிடித்தால் வண்டி வலது பக்கம் திரும்பும். ஏனென்றால் கிளச் பிடித்த சக்கரம் விட்டேற்றியாக உருள, மற்றச் சக்கரத்தை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பள்ளம் நல்ல இடமில்லை. மாமா அங்கேதான் தெரிந்துகொண்டார். வண்டி கானுக்குள் போனது, பெட்டி மேலே வந்தது. லைசன்ஸ் இல்லாததால் காப்புறுதி என்ற பேச்சே எழவில்லை. இன்றைக்கும் அவர் நொண்டிக்கொண்டுதான் பெரட்டுக்குப் போகிறார்.

பெட்டியோடு கூடிய அந்தக் கைட்ரெக்டருக்கே நம் சட்டத்தில் தனி வகுப்பு இருக்கிறது, ஜீ1. நாலு சக்கர ட்ரெக்டர், பெட்டியோடோ இல்லாமலோ, ஜீ. கார், வேன், சின்ன லொறிக்கு பீ. அதில் சிறிய ட்ரெயிலர்தான் கொளுவலாம். லொறியில் 750 கிலோவுக்கு மேல் வெற்று எடையுள்ள ட்ரெயிலரைக் கொளுவினால் சீ-ஈ, அது கனரகம். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் இந்த எழுத்துகள் தெரிந்திருக்கவில்லை. தினமும் இழுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். ரோடெல்லாம் மண்ணும் மரமும். முதல் இரண்டு நாள் எங்கள் லயத்து ரோட்டை அவனும் இன்னும் சில பேரும்தான் திறந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கொந்தராத்துக்காரர் வந்து ஆள் எடுத்தார். லைசன்ஸ் இருக்கிறவனுக்கு ஒரு கூலி, இல்லாதவனுக்கு இன்னொரு கூலி. நேற்று வரை அவனிடம் கயிறு கட்டப் பழகிய பையன் லொறியில் முன்சீட்டில் உட்கார, இவன் கிளை பொறுக்கினான். கொந்தராத்துக்காரர் மேல் எங்களால் கோபப்படவும் முடியவில்லை. மாமாவின் கால் எங்கள் கண்முன்னாலேயே நடமாடுகிறதே.

அன்றைக்கு ராத்திரி, "சரி, எடுப்போம்" என்றான்.

எடுப்பது ஓட்டுவதைவிடக் கஷ்டம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், ஒரு எழுத்து வித்தியாசம். எங்கள் பாட்டன்மாரை 1948இல் ஒரு சட்டம் நாடற்றவராக்கியது, 2003இல் இன்னொரு சட்டம் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்தது. நடுவிலே யாரோ சிங்களத்தில் எழுத, யாரோ தமிழில் படிக்க, பேர் தேய்ந்துபோனது. திருத்துவதற்கு பிரதேச செயலகத்துக்கு நாலு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் பேர் விழாது. 2024 செப்டம்பரில் நிர்ணயித்த நாட்கூலி 1,350 ரூபாயாக இருந்தது. டிரைவிங் ஸ்கூல் காசு அவன் அம்மாவின் ஒரு மாதக் கொழுந்துக் கூலியை முழுங்கிவிட்டது.

வைத்தியச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை எல்லாம் முடிந்தது. பரீட்சையைத் தமிழிலேயே எழுதினான். ஓட்டிக் காட்டினான். கடைசியில் எங்களை முழிக்க வைத்தது விண்ணப்பத்தில் இருந்த விலாசம் என்ற கட்டம்.

லைசன்ஸ் அட்டை தபாலில் வரும். லயத்துக்குத் தனி இலக்கம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஒபிசுக்குப் போகும், யாராவது பெரட்டில் கொடுத்தால் உண்டு. எங்களில் ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு கையில் கிடைத்தது. அவள்தான் சத்தம் போட்டாள்: "லயத்து விலாசம் போடாதீங்க. ஹட்டன்ல அத்தை கடை இருக்குல்ல, அதப் போடுங்க." போட்டோம். பொய் விலாசமில்லை, ஆனால் உண்மையும் இல்லை. நாலு தலைமுறையாகக் குடியிருக்கிற வீட்டின் பேரை எழுத முடியாமல் கடையின் பேரை எழுதினான். அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள்தான் பஸ்ஸில் வரும்போது பேசிக்கொண்டே வந்தோம்.

அட்டை வந்தது. பீயும் ஜீயும். இங்கிலாந்து விளம்பரத்தைப் பற்றி இப்போது அவன் பேசுவதில்லை. கொஞ்ச காலம் இதில் ஓட்டிவிட்டுக் கனரகத்துக்குப் போட வேண்டும் என்கிறான். கட்டை ஏற்றிய ட்ரெக்டரை மெயின் ரோட்டில் கொண்டுபோகிற வேலை கிடைத்திருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் பெட்டியின் கொளுக்கி, ஆணி, சங்கிலி மூன்றையும் தொட்டுப் பார்க்கிறான். பாரத்தை அச்சுக்கு மேலே வைக்கச் சொல்லிப் பையன்களைத் திட்டுகிறான். சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் இறங்குவதில்லை. இதையெல்லாம் டெஸ்டில் கற்றானா, மாமாவைப் பார்த்துக் கற்றானா என்று கேட்டால் சிரிக்கிறான்.

அவனுக்கு இப்போது ஒரே ஒரு குறை. அட்டையைப் போன் கவரில் வைத்துக்கொண்டு மூன்று கிழமையாக ஓட்டுகிறான்.

"இவ்வளவு காலம் தூரத்துல பொலிஸக் கண்டாலே ஒளிஞ்சேன். இப்ப ஒருத்தனும் மறிக்க மாட்டேங்கிறானேடா!"