இரண்டு பழைய புராசசர்கள்

பழைய கணினி ஒன்று வாங்கத் தம்பியும் யானும் கடைக்குச் சென்றோம். ஆங்கிருந்தவை இரண்டு. ஒன்றினுள் இன்டெல் ஐ5-2500கே என்னும் புராசசர், மற்றதனுள் ஐ7-2600கே. இரண்டும் 2011 ஜனவரியில் வெளிவந்தவை. நான்கு கோர் உடையவை. ஈற்றில் நிற்கும் 'கே' என்னும் எழுத்து வேகம் பூட்டப்படாமையைக் குறிக்கும். ஓரெழுத்துப் பொருளை மாற்றுதல் தமிழ் மாணவனுக்கு வியப்பன்று! முன்னது ஒரே வேளையில் நான்கு இழைகளையும், பின்னது எட்டினையும் இயக்கும். கட்டுரை எழுதுவார்க்கு இவ்வேறுபாடு புலப்படாது. அக்காலத்து விளையாட்டுகளிலும் பெரிதன்று. பின்வந்தவற்றிலோ நான்கு இழை திணறும். வேகத்தை உயர்த்தினும் அக்குறை முற்றும் நீங்காது. ஆதலின் தம்பி பின்னதையே விழைந்தான். விலை மிகுதியோ என் தேர்வுக் கட்டணத்தை ஒத்திருந்தது. முன்னதை வாங்கினேன். வீடு வரும்வரை அவன் வாய் திறந்திலன். மறுநாள் பழைய பந்தய விளையாட்டொன்றை நிறுவி, "ஓடுகிறது அண்ணா" என்றான்.