வாயில்லா ஜீவனுக்கும் ஒரு வழக்கு உண்டு

1979-ஆம் ஆண்டு. எனக்கு அப்போது பதினொரு வயது. ஜாசின் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பால்மரம் வெட்டும் வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கொட்டகை, அதில் ஒரு பசுமாடு. விடிவதற்கு முன்பே பால் கறந்து வைத்துவிட்டுத்தான் அம்மா பிரட்டுக்குப் போவார். நானும் தம்பியும் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கிராணிமார் வீடுகளுக்கும் கடைக்கும் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். எங்கள் சீருடையும் தீபாவளித் துணியும் அந்த மாடு கொடுத்தவைதான்.

ஒரு நாள் மாடு வயிறு ஊதிப் படுத்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து, ஊசி போடத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் படித்த மிருக டாக்டர் அல்ல. என்ன மருந்து என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஊசி போட்ட அரைமணி நேரத்தில் மாடு காலை உதைத்துக்கொண்டு செத்துப்போனது. அப்பா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்ம தலையெழுத்து" என்றார். ஊசி போட்டவருக்குப் பேசிய பத்து வெள்ளியையும் கையில் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அந்தப் பத்து வெள்ளி நாற்பது வருடங்களுக்கு மேல் கழித்து என்னை உறுத்தத் தொடங்கியது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டம் செம்பனைக்கு மாறியது. லயங்களை உடைத்தார்கள். நாங்கள் ஜாசின் பட்டணத்துப் பக்கம் ஒரு சிறிய தாமான் வீட்டுக்கு வந்தோம். அப்பா காலமான பிறகு அம்மாவுக்குத் துணை ஒரு நாய்தான். வெள்ளச்சி என்று பெயர். அம்மா கோயிலுக்குப் போனால் வாசலில் காத்திருக்கும். அம்மா சாப்பிடாமல் அதுவும் சாப்பிடாது. நான் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவேன். வெள்ளச்சி தினமும் இருந்தது.

2022-இல் அதற்குக் குட்டி போடாமல் இருக்க ஆபரேஷன் செய்யலாம் என்று ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். 480 ரிங்கிட். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு பாரம் நீட்டினார்கள். அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்று நானும் வாசித்துச் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வெள்ளச்சியை வீட்டுக்குத் தந்துவிட்டார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு அது எழுந்திருக்கவே இல்லை. காதும் காலும் சில்லிட்டிருந்தன. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது. கிளினிக்குக்குப் போன் போட்டேன். "மயக்கம் இன்னும் தெளியவில்லை, காலையில் கொண்டுவாருங்கள்" என்று ஒரு குரல் சொன்னது. நம்பினோம். விடியற்காலை மூன்று மணிக்கு, அம்மா மடியிலேயே வெள்ளச்சியின் மூச்சு நின்றது.

விடிந்ததும் வேலியோரத்து மாமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். அதுதான் நான் செய்த பெரிய தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

அம்மா இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "நான்தானே புள்ள கையெழுத்துப் போட்டேன். என் கையாலேயே அனுப்பி வச்சிட்டேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குற்ற உணர்ச்சியை அவர் மனசிலிருந்து இறக்கி வைக்கத்தான் நான் விசாரிக்கக் கிளம்பினேன். காசுக்காக அல்ல.

தமிழ்நாட்டிலிருக்கும் சொந்தக்காரர் ஒருவர், "நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்க. இங்கே மிருக டாக்டர் மேலேயும் அங்கேதான் வழக்குப் போடுறாங்க" என்றார். நம் நாட்டிலும் பயனீட்டாளர் நீதிமன்றம் இருக்கிறது. ஐந்து ரிங்கிட் கட்டினால் போதும், லாயர் தேவையில்லை. 2019-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். ஆனால் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 2-ஆம் பிரிவிலேயே ஒரு கதவைச் சாத்திவிடுகிறது. வேறொரு சட்டத்தின் கீழ் வரும் தொழில் நிபுணர்களின் சேவைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மிருக டாக்டர்கள் 1974-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள். கடைக்காரர் நோயுள்ள நாய்க்குட்டியை விற்று ஏமாற்றினால் பயனீட்டாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்தச் சட்டத்தில் பிராணிகளும் 'பொருள்' என்ற கணக்கில் வருகின்றன. டாக்டரின் சிகிச்சையில் தவறு என்றால் வேறு வழிதான்.

அந்த வேறு வழி இரண்டாகப் பிரிகிறது. டாக்டரின் நடத்தை பற்றிய புகார் என்றால் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு எழுத வேண்டும். மன்றம் விசாரித்துக் கண்டிக்கலாம், பதிவை நிறுத்தி வைக்கலாம், பெயரையே நீக்கலாம். ஆனால் நமக்கு நஷ்டஈடு வாங்கித் தராது. பதிவே இல்லாமல் ஒருவர் வைத்தியம் பார்ப்பதும் அந்தச் சட்டப்படி குற்றந்தான். எங்கள் மாட்டுக்கு ஊசி போட்டவரை அப்போதே கேட்டிருக்க முடியும்!

பணம் வேண்டுமென்றால் கோர்ட்டுதான். 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள், 93-ஆம் கட்டளையில், 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கைகளுக்கு லாயர் இல்லாமல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நாமே வழக்குப் போட வழி செய்திருக்கின்றன. அதற்கு 198-ஆம் எண் பாரத்தை நிரப்ப வேண்டும். தீபகற்ப மலேசியாவில் இப்படிப்பட்ட வழக்குக்குப் பொதுவாக ஆறு வருடக் கெடு. அரசாங்க ஆஸ்பத்திரி மேல் என்றால் மூன்றே வருடம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோர்ட்டின் கண்ணுக்கு நாயும் மாடும் ஒரு சொத்து. மாட்டுக்குச் சந்தை விலை உண்டு. தெருவில் எடுத்து வளர்த்த வெள்ளச்சிக்கு என்ன விலை? கட்டிய பணம், மருந்துச் செலவு, இவ்வளவுதான் கணக்கில் வரும். அம்மாவின் கண்ணீருக்குத் தனிக் கணக்குக் கிடையாது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தெரிந்துகொண்டு போவதுதான் நல்லது.

செத்துப்போனாலே அலட்சியம் என்று சட்டம் சொல்லவில்லை. மயக்க மருந்தில் எப்போதும் கொஞ்சம் ஆபத்து இருக்கிறது. பொறுப்பான வேறொரு டாக்டர் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பார் என்பதுதான் கேள்வி. அதை நிரூபிக்க வேண்டியவர்கள் நாம்.

வேறொரு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "ஈறு வெளுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அந்த நேரமே கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். பிறகு, "பிரேதப் பரிசோதனை செய்தீர்களா?" என்று கேட்டார். நான் மாமரத்தை நினைத்துத் தலைகுனிந்தேன். உடலைக் குளிரில் வைத்து மறுநாளே பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தால், கசிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். ஆபரேஷனில் தவறு என்று இனி எங்களால் சொல்ல முடியாது. போனில் சொன்ன வார்த்தைதான் எங்களுக்கு மிச்சம்.

பதிவுத் தபாலில் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதினேன். திட்டி எழுதவில்லை. என்ன நடந்தது என்று தேதி, மணியோடு எழுதினேன். சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டேன். மூன்று வாரத்தில் நகல் வந்தது. அந்த இரவு நாங்கள் போன் செய்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் என் கைபேசியில் இருந்தது: இரவு 9.12, நான்கு நிமிடம். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, இரண்டாவது கடிதத்தோடு அனுப்பினேன். பதில் வராவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் மன்றத்துக்கும் போவோம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

என் மகன், "பேஸ்புக்கில் கிளினிக் பேரைப் போட்டு நாறடிச்சிடலாம்மா" என்றான். வேண்டாம் என்றேன். நிரூபிக்க முடியாததை எழுதினால் அவதூறு வழக்கில் நாம்தான் கூண்டில் நிற்போம்.

கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். 480 ரிங்கிட்டைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"காசு கெடக்கட்டும். அன்னிக்கி ராத்திரி போன எடுத்தது யாருன்னு எழுதித் தரச் சொல்லு."

எழுதித் தந்தார்கள். போனை எடுத்தவர் டாக்டர் அல்ல, உதவியாள். ஆபரேஷன் ஆன பிராணிகளைப் பற்றி இரவில் வரும் போனை இனி டாக்டரிடமே கொடுப்போம் என்றும் எழுதியிருந்தார்கள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அப்போ என் கையெழுத்தால இல்ல" என்றார்.

இல்லை என்றேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்றுதான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம். அலட்சியமாக இருந்தாலும் பரவாயில்லை என்று யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

அந்தக் கடிதத்தை அம்மா பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். அப்பாவின் பழைய அடையாள அட்டை நகல், எங்கள் பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் இருக்கும் டின் அது.

வீட்டில் ஆடு, மாடு, நாய், பூனை வளர்க்கும் சகோதர சகோதரிகளே, டாக்டரிடம் போகும்போது அவருடைய பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். பாரத்தைப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ரசீதையும் மருந்துப் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். ஈறு வெளுத்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். கெட்டது நடந்துவிட்டால், புதைப்பதற்கு முன் ஒரு நாள் பொறுத்து, பரிசோதனைக்கு யாரைப் பார்ப்பது என்று கால்நடை இலாகாவில் கேளுங்கள்.

என் அப்பா கோழையல்ல. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அந்தப் பத்து வெள்ளியைக் கொடுக்கும் முன்பு "என்ன மருந்து போட்டீங்க?" என்றாவது கேட்டிருப்பார்.