கைப்பெட்டிக்குள் ஒரு சமையற்கட்டு

சினிமாவென்றால் விமர்சனம் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறோம். மிக்ஸி வாங்குவதென்றால் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் குழந்தைகள் கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் விளையாட்டுப் பெட்டிக்கு மட்டும் நம்மிடம் உள்ள ஒரே விமர்சனம், "அதை மூடி வை!" என்பதுதான். என்ன சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

தூத்துக்குடியில் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. என் தம்பியும் அப்படித்தான். லீவில் வந்தபோது என் பத்து வயது மகளுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற பெட்டியைக் கொண்டுவந்தான். 2017-ல் வெளிவந்த இதை டி.வி.யிலும் மாட்டலாம், கையிலும் வைத்து ஆடலாம். எடை 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

"அக்கா, ஏசாத. முதல்ல நீ ஆடிப் பாரு. பெறகு அவ கையில குடு" என்றான்.

நியாயந்தானே? மத்தியானம் வேலை முடிந்ததும் உட்கார்ந்தேன். சுடுவதும் வெட்டுவதுமாக இருக்கும் என்று பார்த்தால், திரையில் இட்லிப் பானை!

ஆட்டத்தின் பெயர் 'வெண்பா'. கனடாவில் டொரன்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. வெண்பா என்பது கதாநாயகியின் பெயர். 1980-களில் கணவன் பாவலனோடு கனடாவுக்குக் குடிபோனவள். அவளுடைய அம்மாவின் சமையல் நோட்டு கிழிந்து, மை கலைந்து, பல வரிகள் படிக்க முடியாமல் போயிருக்கின்றன. விட்டுப்போனதை நாம் யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு!

இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் ஏறும்? புட்டுக் குழாயில் மாவும் தேங்காயும் எந்த வரிசையில் போக வேண்டும்? இதெல்லாம் நமக்குக் கை தானாகவே செய்கிற வேலையல்லவா? மகள் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தாள். நான் வாங்கி ஒரே தடவையில் முடித்தேன். "எம்மா, ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று வாயைப் பிளந்தாள். தினமும் காலையில் நான் அவிக்கும் இட்லிக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததே இல்லை!

குறையும் சொல்ல வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. கொடுக்கும் காசுக்கு இது கொஞ்சம் என்று தோன்றும். சமையலைவிடப் பேச்சே அதிகம். ஓடியாடிப் பழகிய பிள்ளைகளுக்கு மெதுவாகப் போவதாகப் படலாம். ஆனாலும் தாளிக்கும் சத்தமும், பழைய சினிமாப் பாட்டின் பாணியில் வரும் பாட்டுகளும் காதுக்கு நிறைவு. 2024-ல் லண்டனின் பாஃப்டா அமைப்பு, முதல் படைப்புக்கான விருதை இதற்குக் கொடுத்தது.

வெண்பாவுக்கு ஒரு மகன், கவின். வளர வளரத் தமிழையும் வீட்டுச் சாப்பாட்டையும் விட்டு விலகுகிறான். கூடப் படிக்கிறவர்கள் முன்னால் தான் மட்டும் வேறாகத் தெரிவதில் அவனுக்குக் கூச்சம். அந்த இடம் வந்தபோது, "பாவம் அந்தப் பொம்பளை! இந்தப் பையன் ஏன்தான் இப்படிச் செய்யுதானோ?" என்றேன்.

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நாறுதுன்னு சிரிப்பாங்கம்மா. அதுக்குத்தான் நானும் டிபன் பாக்ஸில மீன் வேண்டாங்கேன்."

ஒரு வருஷமாகக் காரணம் சொல்லாமலே மீனை ஒதுக்கி வந்தவள் அவள். கடற்கரை ஊரில் பிறந்த பிள்ளைக்கு மீன் வாசனை வெட்கமாகிப் போயிருந்தது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? சந்தேகந்தான். கவினுக்காகப் பேசுகிற சாக்கில் தன் மனசைக் கொட்டிவிட்டாள். ஏசவில்லை, உபதேசமும் பண்ணவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தோழியைச் சாப்பிடக் கூப்பிட்டோம். விளமீன் குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அந்தப் பிள்ளை. அதைப் பார்த்த என் மகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

எல்லா ஆட்டமும் 'வெண்பா' ஆகிவிடாது. ஆகவே இப்போது எந்த ஆட்டமானாலும் மூன்று விஷயம் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையிடம் கொடுக்கிறேன்.

முதலாவது, தோற்றால் என்ன ஆகிறது? 'வெண்பா'வில் மறுபடி செய்து பார்க்கலாம், விரட்டுகிற கடிகாரம் இல்லை. இரண்டாவது, பாதியில் நிறுத்த முடிகிறதா? இந்தப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஆட்டம் விட்ட இடத்திலேயே நிற்கும். "இதோ முடிச்சிட்டு வாரேன்" என்ற சாக்கு எடுபடாது! மூன்றாவது, ஆடும்போது நடுநடுவே காசு கேட்கிறதா? கேட்டால் அந்த ஆட்டமே வேண்டாம்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொன்னபடி, 2 வயதுக்குள் திரையே கூடாது. எப்போதாவது உறவினரோடு வீடியோவில் பேசுவது மட்டும் விலக்கு. 5 வயது வரை நாளைக்கு 1 மணி நேரம், 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள். டி.வி., போன் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு!

கைக்குழந்தை உள்ள வீடுகளில் இன்னொன்றும் கவனியுங்கள். இந்தப் பெட்டியில் செருகும் ஆட்டத் தகடு தபால்தலை அளவுதான் இருக்கும். குழந்தைகள் விழுங்காமல் இருக்க அதன்மேல் கடும் கசப்பு தடவியிருக்கிறார்கள். இருந்தாலும் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதே நல்லது.

அடுத்த முறை "மூடி வை" என்று சொல்வதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் நீங்களும் ஆடிப் பாருங்கள். ஆட்டம் நல்லதா கெட்டதா என்பது தெரிந்துவிடும். பிள்ளை வாய் திறந்து பேசினால், அது லாபம்!