எங்கட எழுத்து வந்த வழி

இன்றைக்குக் கிழக்கிலங்கையின் ஓட்டமாவடிச் சந்தியில் நிற்கும் ஓர் இளைஞனிடம் "எந்த பிரவுசர் பாவிக்கிறாய்?" என்று கேட்டால், அந்தக் கேள்வியே அவனுக்குப் புதிதாக இருக்கும். போனோடு சேர்ந்து வந்தது, விரல் வைத்தால் திறக்கிறது, அவ்வளவுதான். அதே சந்தியில் அதே கேள்விக்காக நாங்கள் இஷாத் தொழுகை முடிந்து வெகுநேரம் நின்று வாதாடியிருக்கிறோம். ஒருவன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பக்கம், இன்னொருவன் பயர்பொக்ஸ் பக்கம், பிற்பாடு எல்லோருமே ஓபெரா மினி பக்கம். எது வேகம், எது அழகு, எதில் வைரஸ் குறைவு என்று உலகம் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்த அளவுகோல் ஒன்றுதான்: அதில் எங்கட எழுத்து வருமா?

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகுதான் எங்கள் பக்கத்துப் பாதைகள் கொஞ்சம் மூச்சு விட்டன. அப்போது கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸும் ரயிலும் ஒரே இரும்புப் பாலத்தால்தான் ஊருக்குள் நுழையும். ரயில் போகும்வரை வாகனங்கள் நிற்கும். அது போனபின் தண்டவாளத்தின் மேலாலேயே பஸ் உருண்டு வரும். அந்தப் பாலத்தால் வந்த சாமான்களோடு கம்பியூட்டர்களும் வந்தன. சவூதிக்கும் கட்டாருக்கும் பேசுவதற்கென்று இருந்த கொமியூனிகேஷன் கடைகளின் பின்பக்கத்தில் பலகைத் தடுப்புகள் எழுந்தன. முன்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஒரு தாய் ரியாதிலிருக்கும் மகளோடு பேசிக்கொண்டிருப்பாள். பின்னால் மீராவோடை, பிறைந்துறைச்சேனை, செம்மண்ணோடைப் பொடியன்மார் ஒரு திரைக்கு முன்னால் நான்கு பேராக நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். காசு நிமிடக் கணக்கு. ஒருவன் தட்ட, மற்ற மூவரும் வாசிப்பார்கள்.

வாசிக்க முடிந்தால்தான். தமிழ் இணையம் அப்போது ஒரே தமிழாக இருக்கவில்லை. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது என்றாலும், அது கடைகளின் திரைக்கு வந்து சேர ஆண்டுகள் பிடித்தன. பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, சஞ்சிகைக்கு ஒரு எழுத்துரு. இலங்கையில் பாமினிதான் ராஜா. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்துவதுதான் பாமினி போன்ற எழுத்துருக்களின் வேலை. எழுத்துரு கம்பியூட்டரில் இல்லையென்றால் போர்வை நழுவி, அர்த்தமில்லாத ஆங்கிலம் அம்மணமாக நிற்கும். அதற்கு மாற்றாகச் சில தளங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பின. மைக்ரோசொப்ட் செய்த முறை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் வேலை செய்தது. நெட்ஸ்கேப் தனக்கென்று வேறொரு முறை வைத்திருந்தது. இரண்டு கம்பனிகளுக்கு இடையே நடந்த போட்டியில் நடுவே நின்றது எங்கள் எழுத்து. எக்ஸ்ப்ளோரர் வென்றதால், அந்தக் காலத்துத் தமிழ்த் தளங்கள் பலவும் அதற்கென்றே செய்யப்பட்டவையாக இருந்தன.

பிறகு விண்டோஸ் எக்ஸ்பி வந்தது, லதா எழுத்துருவைக் கையோடு கொண்டு. ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. கொன்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய், 'சிக்கலான எழுத்துமுறைகள்' என்ற கட்டத்தில் சரி போட்டு, விண்டோஸ் சீடியை உள்ளே தள்ளினால்தான் உயிர்மெய்கள் ஒழுங்காகச் சேரும். எங்கள் கடைக்கார காக்கா அந்தச் சீடியைத் தன் மேசை லாச்சியில் பூட்டி வைத்திருந்தார். புதிதாக ஒரு இயந்திரம் வந்தால் முதல் வேலை அதுதான். "கேம் பொறகு போடலாம், முதல்ல தமிழப் போடு" என்பார். அவர் பெரிதாகப் படித்தவரில்லை. ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றும் அவரை நினைக்கும்போதெல்லாம் மனதில் ஒரு மரியாதை எழுகிறது.

2004 நவம்பரில் பயர்பொக்ஸ் 1.0 வெளியானது. கொழும்பில் படித்துக்கொண்டிருந்த ஒருவன் விடுமுறைக்கு வரும்போது அதைச் சீடியில் கொண்டுவந்தான். ஒரே சன்னலில் பல தாவல்கள் திறக்கலாம் என்பது எங்களுக்குப் பெரிய சங்கதி. ஒரு பக்கம் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றை வாசிக்கலாம். நிமிடத்துக்குக் காசு கொடுப்பவனுக்குத்தான் அதன் பெறுமதி விளங்கும். அதற்குப் பிறகு கடையின் ஒவ்வொரு திரையிலும் இரண்டு சின்னங்கள் இருந்தன. நீல 'ஈ' பழைய எழுத்துருப் பத்திரிகைகளுக்கு, நெருப்பு நரி புதிய யூனிகோடுப் பக்கங்களுக்கு. எதை வாசிக்கப் போகிறோம் என்று முதலில் தீர்மானித்து, அதன்பின் உலாவியைத் திறப்போம்.

நரியிடமும் ஒரு குறை இருந்தது. தமிழில் வலைப்பதிவு வாசித்த அந்நாளைய வாசகர் எவருக்கும் அது நினைவிருக்கும். பத்தியின் இரு ஓரங்களையும் சமப்படுத்தி அமைத்த பக்கங்களில், பயர்பொக்ஸின் இரண்டாம் பதிப்பு வரை, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கும். அதனால் அன்றைய பதிவர்களிடம், "பத்தியை இடப்பக்கமாக மட்டும் சமப்படுத்துங்கள்" என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்தபோது அது தீர்ந்தது. அந்தப் பதிப்பு ஒரே நாளில் 80 லட்சத்துக்கும் அதிகமான தடவைகள் இறக்கப்பட்டது என்று கின்னஸ் பதிந்திருக்கிறது. உலகம் எதற்காகக் கொண்டாடியதோ தெரியாது, கொம்பும் எழுத்தும் மறுபடி ஒன்று சேர்ந்ததற்காக நாங்கள் கொண்டாடினோம்.

வாசிப்பது ஒருபுறம், எழுதுவது இன்னொருபுறம். முகுந்தின் எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள் அப்போது எல்லாக் கடைகளிலும் இருந்தது. பாமினி விசைப்பலகையில் பழகிய விரல்கள் அதே பழக்கத்தோடு யூனிகோடில் எழுதலாம். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் பக்கம் இருந்தது. பாமினி எழுத்தை ஒரு பெட்டியில் ஒட்டினால் மறுபெட்டியில் யூனிகோடாக வரும். இவர்கள் யாரும் எங்கள் ஊருக்கு வந்தவர்களில்லை. முகம் தெரியாத அந்த மனிதர்கள் இலவசமாகச் செய்து வைத்த வேலையில் எங்கள் தலைமுறை எழுதப் பழகியது. தேடுபெட்டியில் 'ஓட்டமாவடி' என்று முதன்முதலாகத் தமிழில் அடித்துப் பார்த்தது எனக்கு நல்ல ஞாபகம். எழுத்தாளர் எஸ்.எல்.எம். ஹனீபாவின் ஊர் இது. அவரது சிறுகதைத் தொகுதி 'மக்கத்துச் சால்வை' 1992இல் நூலாக வந்து, எங்கள் மனிதர்களின் பேச்சையும் ஈரத்தையும் தமிழ் வாசகர்களிடம் கொண்டுபோயிருந்தது. அச்சில் இருந்த ஊர் திரையிலும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை. வந்த விடைகள் கொஞ்சம்தான். ஆனாலும் எங்கட எழுத்தில் எங்கட ஊர்.

என் மனதில் நிலையாக இருக்கும் உலாவி எக்ஸ்ப்ளோரருமல்ல, பயர்பொக்ஸுமல்ல. நோர்வேக் கம்பனியின் ஓபெரா மினி, 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியானது. சிவப்பு 'ஓ' சின்னம். சாதாரண ஜாவா போனிலேயே ஓடும். நாம் கேட்கும் பக்கத்தை அவர்களுடைய சேர்வர் வாங்கி, பிழிந்து, 90 வீதம் வரை சுருக்கி அனுப்பும். ரீலோட் அட்டை சுரண்டிப் போட்ட காசு கிலோபைட் கிலோபைட்டாகக் கரைந்த காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் கையிலிருந்த நொக்கியாவில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்ப் பக்கம் திறந்தால் வரிவரியாக வெறும் சதுரப் பெட்டிகள்தான்.

அதற்கு ஒரு வழி இருந்தது. யார் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார்களோ, ஊரெல்லாம் வாய்வழியாகவே பரவியது. முகவரிப் பெட்டியில் ஆங்கிலத்தில் 'ஓபெரா', பிறகு முக்காற்புள்ளி, அதோடு ஒட்டி 'கொன்பிக்' என்று அடிக்க வேண்டும். அமைப்புகளின் பட்டியல் ஒன்று திறக்கும். சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று அதில் ஒரு வரி கேட்கும். 'இல்லை' என்றிருப்பதை 'ஆம்' என்று மாற்றிச் சேமித்தால் முடிந்தது. போனுக்குத் தமிழ் தெரியாது என்பதால், சேர்வரே ஒவ்வொரு எழுத்தையும் சின்னப் படமாக வரைந்து அனுப்பும். காசு கொஞ்சம் கூடப் போகும், எழுத்து கொஞ்சம் மங்கலாக இருக்கும். பரவாயில்லை. அந்த இரண்டு அங்குலத் திரையில் தமிழ் வந்தது.

போன் கடைப் பொடியன்மார் அதைச் செய்து கொடுத்தார்கள், பள்ளி வாசற்படியில் உட்கார்ந்து கூட்டாளிகள் செய்து கொடுத்தார்கள். வாழைச்சேனையிலிருந்து வரும் சினேகிதர்களுக்கு நாங்கள் செய்து கொடுத்தோம். கிழக்கில் யுத்தம் மறுபடி மூண்டு, வாகரையிலிருந்து சனங்கள் எங்கள் பக்கம் இடம்பெயர்ந்து வந்த நாட்கள் கடந்து சில காலம்தான் ஆகியிருந்தது. இருட்டிய பின் நெட் கடைக்குப் போவதை வீட்டார் விரும்பமாட்டார்கள். இனிக் கடைக்குப் போகத் தேவையில்லை, நுளம்பு வலைக்குள் படுத்துக்கொண்டே வாசிக்கலாம் என்றானது.

வாப்பா இரவில் பிபிசி தமிழோசை கேட்காமல் படுக்கமாட்டார். சிற்றலை இரைச்சலுக்குள் காதைக் கொடுத்து, யாரும் பேசினால் கையைத் தூக்கி நிறுத்துவார். ஒரு காலையில் அதே செய்தியை என் போனில் திறந்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, சத்தமாக வாசித்தார். "ராவு ரேடியோல சொன்னத்த அப்படியே எழுதிரிக்கானுகள்" என்றார். உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா. "என்ன மனே, எங்கட எழுத்தெல்லாம் இதுக்குள்ள வருதா?" அன்றிலிருந்து அந்தப் போன் காலையில் என்னிடம் இருக்காது. எந்த உலாவி சிறந்தது என்று யார் என்னிடம் கேட்டாலும், முதலில் எழுந்து வருவது அந்தக் காலை நேரம்தான். தன் சொந்த எழுத்தை ஒரு மனிதர் அவ்வளவு மகிழ்ச்சியோடு வாசித்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு ஓய்ந்தது. நெட் கடைகள் அதற்கு முன்பே போய்விட்டன. பலகைத் தடுப்புகள் இருந்த இடங்களில் போன் கவர்கள் தொங்குகின்றன. ஊருக்குப் புதுப் பாலம் வந்துவிட்டது, பஸ் ரயிலுக்காக நிற்பதில்லை. ஓபெரா 2013இல் தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு, கூகிளின் குரோமியத்துக்கு மாறியது. எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூனில் மைக்ரோசொப்ட் விடை கொடுத்தது. அதன் இடத்துக்கு வந்த எட்ஜும் அதற்கு முன்பே குரோமியத்தில் ஏறியிருந்தது. ஸ்மார்ட்போன்கள் தமிழைத் தாமாகவே காட்டுகின்றன. அமைப்பு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

2021 மார்ச்சில், கொவிட்டில் மரணித்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நீங்கி, ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஜனாஸாக்கள் வந்தன. 3,000க்கும் மேற்பட்டோர் அந்த மண்ணில் இருக்கிறார்கள். அந்நாட்களில் 'ஓட்டமாவடி' என்று அடித்தால் பக்கம் பக்கமாக விடைகள் வந்துகொண்டே இருந்தன. எந்த உலாவியில் வாசிக்கிறோம் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணிப் பார்க்கும் மனநிலையும் இல்லை. துயரமும் எங்கட எழுத்திலேயே நேராக வந்து சேர்ந்தது.

தமிழ் தானாக வருவது நல்லதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தேர்ந்தெடுப்பது நின்றுபோனதில் ஒரு நட்டமும் இருக்கிறது. நாங்கள் ஏன் இதைப் பாவிக்கிறோம் என்று காரணம் சொல்லத் தெரிந்தவர்களாக இருந்தோம். அந்தக் காரணத்துக்குள் உம்மா இருந்தா, வாப்பா இருந்தார், ஊர் இருந்தது. இப்போது பெரும்பாலானோருடைய போனில் ஒரே இயந்திரம். அதை வைத்திருப்பது ஒரே கம்பனி. நாளைக்கு அது எங்கள் எழுத்தைப் பற்றி வேறு தீர்மானம் எடுத்தால் எங்கே போவது?

அதனால்தான் என் மடிக்கணினியில் இன்னும் பயர்பொக்ஸ். இரவல் வாங்காத சொந்த இயந்திரத்தில் ஓடுகிறது, தன்னார்வலர்கள் மொழிபெயர்த்த தமிழ்ப் பட்டிகள் அதில் இருக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவில் சேமித்து வைத்திருக்கும் பழைய தமிழ்ப் பக்கங்களை அதில்தான் தேடுகிறேன். பாதிக்கு மேல் பாமினிக் காலத்தவை. எழுத்துரு இல்லாமல் கிறுக்கலாகத் தெரியும். நகலெடுத்து, மாற்றியில் ஒட்டி, வரிவரியாகச் சரிபார்த்து, யூனிகோடில் சேமித்து வைக்கிறேன். எங்கள் பக்கத்துப் பொடியன்மார் எழுதிய கவிதைகள், பள்ளி ஆண்டுமலர்கள், கழகங்களின் அறிவித்தல்கள் எல்லாம் அந்தக் காலத்து நெகிழ்வட்டுகளிலும் சீடிகளிலும் இன்னும் யாரோ ஒருவரின் அலுமாரியில் கிடக்கும். திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல்தானே என்று வீசிவிடாதீர்கள். கொண்டு வந்து தாருங்கள், எழுத்தை மீட்டுத் தருகிறேன்.