பியர் அண்டா: எஃகு, அடித்தட்டு, வால்வு

போர்ட்லண்டு, ஆரிகன்

அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுவது இன்று பலரும் வெளிப்படையாக ஈடுபடும் பொழுதுபோக்காக இருப்பினும், கூட்டாட்சிச் சட்டம் அதற்கு இடமளித்தது 1978 ஆம் ஆண்டில்தான். நாடு தழுவிய மதுவிலக்கு 1933 இல் நீங்கியபோது வீட்டுத் தேவைக்குத் திராட்சை மது செய்ய வழி பிறந்ததே தவிர, பியருக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை. அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்ட சட்டம், வயதுவந்தோர் ஒருவரே உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலனும், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள வீட்டில் 200 கேலனும், விற்பனைக்கன்றிச் சொந்தப் பயனுக்கு மட்டும், வரியின்றிக் காய்ச்சலாம் என்று வரையறுத்தது. அமெரிக்க கேலன் ஒன்று 3.785 லிட்டருக்குச் சமம். மாநிலச் சட்டங்களில் தடை நீடித்த கடைசி இரு மாநிலங்களான மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 இல்தான் அதை விலக்கின. இத்தகைய பின்னணியில், வீட்டில் காய்ச்சுவோருக்கென்றே செய்யப்பட்ட கலங்கள் கடைகளில் நிறைவதற்கு நெடுங்காலம் பிடித்தது என்பதும், அதுவரை வான்கோழி பொரிக்கும் அலுமினியப் பானையும், வெட்டித் திறந்த பழைய பியர் உருளையும், உணவகங்களில் சூப்பு வைக்கும் பாத்திரமும் இப்பணிக்கு வந்து சேர்ந்தன என்பதும் வியப்புக்குரியவை அல்ல. இன்று தேர்வுகள் பெருகியுள்ளன, விளம்பரங்களும் பெருகியுள்ளன. ஆதலால் அண்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதைத் தெளிவுபடுத்துவது பயனுள்ளது.

அண்டா எந்த வேலைக்கு வேண்டும் என்பதை முதலில் காண்பது தகும். முளைகட்டி உலர்த்திய பார்லி மால்ட் எனப்படும். அதை உடைத்து 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வரையான வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்திலேயே உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். அவ்வாறு வடித்தெடுத்த இனிப்பு நீரை வோர்ட் என்பர். அதை ஹாப்ஸ் கொடியின் உலர்ந்த கூம்புகளோடு ஏறத்தாழ 60 நிமிடம் கொதிக்கவைத்து, விரைந்து ஆற்றி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுவதே பியர் காய்ச்சுதல் ஆகும். கொதிக்கும்போது ஹாப்ஸின் கசப்பு இறங்குகிறது, கிருமிகள் அழிகின்றன, புரதங்கள் திரிந்து பிரிகின்றன. வெளிர் மால்ட்டில் தோன்றும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற பொருள், வேகவைத்த சோளத்தின் வாடையைத் தரக்கூடியது, ஆவியோடு வெளியேறிவிடுகிறது. இதனால் மூடியைப் போட்டுக் கொதிக்கவைப்பது தவறாகும். திறந்த வாயுடைய கலமே இதற்கு உரியது.

அளவைப் பொறுத்தவரை, வீட்டுக் காய்ச்சலின் வழக்கமான தொகை 5 கேலன், அதாவது 19 லிட்டர் என்பதால் 20 லிட்டர் அண்டா போதும் என்று கருதுவோர் உண்டு, அது போதாது. ஒரு மணி நேரக் கொதியில் மூன்று முதல் நான்கு லிட்டர் வரை ஆவியாகும். அடியில் தங்கும் கசடும் ஹாப்ஸும் ஒன்றிரண்டு லிட்டரை உறிஞ்சிக்கொள்ளும். எனவே கொதி தொடங்கும்போதே 24 அல்லது 25 லிட்டர் அண்டாவில் இருக்க வேண்டும். அதற்கு மேலும் வெற்றிடம் தேவைப்படுவது ஏன் என்பதை முதல் கொதியின்போது காணலாம். நீர் அசைவற்று இருக்கையில் மேற்பரப்பில் பழுப்பு நுரை மெல்லப் படர்ந்து தடிக்கும்; கொதி வந்த அடுத்த சில நொடிகளில் பால் பொங்குவதைப் போல அது முழுதாக எழுந்து விளிம்பை நோக்கி ஏறும்; தீயை உடனே தணித்து, துடுப்பால் கிளறி, சிறிது குளிர்ந்த நீரைத் தெளித்தால்தான் அடங்கும். சில நிமிடங்களுக்குப் பின் புரதங்கள் திரிந்து சிறு துணுக்குகளாகி நீரினுள் சுழலத் தொடங்கும். அதன் பிறகு பொங்கும் ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும். இந்த நுரைக்கு இடம் விட்டுக் கணக்கிட்டால் 30 லிட்டர் குறைந்தபட்சம். 38 லிட்டர், அதாவது 10 கேலன், நிம்மதியான அளவு. ஆஸ்திரேலியாவிலிருந்து பரவிய முறைப்படி, தானியத்தைப் பெரிய துணிப்பையில் இட்டு அதே அண்டாவில் ஊறவைப்போருக்கு, ஐந்து கிலோ தானியமும் அதற்கான முழு நீரும் சேர்ந்தே 31 லிட்டரைத் தாண்டும் என்பதால், 38 லிட்டருக்குக் குறைவான அண்டா உதவாது. உயரமும் விட்டமும் ஏறக்குறைய ஒத்திருப்பது நல்லது; அகன்று தட்டையான கலத்தில் ஆவி மிகுதியாகவும், ஒடுங்கி உயர்ந்த கலத்தில் குறைவாகவும் போகும்.

அடுத்து உலோகம். எஃகில் போதிய குரோமியம் சேரும்போது அதன் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிப்புள்ள குரோமிய ஆக்சைடுப் படலம் தானாக உருவாகிக் காற்றையும் நீரையும் இரும்பிடம் அண்டவிடாமல் தடுக்கிறது. கீறினாலும் ஆக்சிஜன் பட்டால் அது மீண்டும் வளர்ந்துவிடும். தமிழ் வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்கும் பாத்திரங்கள் அனைத்தும் இந்தப் படலத்தை நம்பியே வாழ்கின்றன. பியர் அண்டாவுக்கு ஏற்றதாகக் கருதப்படுவது 304 என்ற தரம்: அதில் குரோமியம் ஏறத்தாழ 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருப்பதால் 18/8 என்றும் பொறிக்கப்படும். மாலிப்டினம் சேர்ந்த 316 தரம் உப்புநீரைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் வோர்ட்டுக்கு அந்தத் தாங்குதிறன் தேவையில்லை, கூடுதல் விலையும் வீண். நிக்கல் இல்லாத 430 தரம் காந்தத்தில் ஒட்டும். 200 வரிசை எஃகில் நிக்கலின் பெரும்பகுதிக்கு மாற்றாக மாங்கனீசு சேர்க்கப்படுகிறது. விலை குறைவு, அரிப்பைத் தாங்கும் திறனும் குறைவு.

ஊரிலிருந்து பெரிய அண்டாவைக் கப்பலில் கொண்டுவந்து வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்நாட்டில் பல உள்ளன என்பதால் இங்கே ஒரு விளக்கம் வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்ற பரவலான சோதனை முழுமையானதன்று: இந்தியச் சந்தையில் பெருமளவில் புழங்கும் 200 வரிசை எஃகும் காந்தத்தில் ஒட்டாது, மறுபுறம், அசலான 304 எஃகும் விளிம்பிலும் வளைவிலும் அழுத்தி உருவாக்கப்பட்ட இடங்களில் காந்தத்தைச் சற்றே இழுக்கும். ஆகவே காந்தம் 430 தரத்தை அடையாளம் காட்டுமே தவிர, 304 ஐயும் 202 ஐயும் பிரித்துக் காட்டாது. தர எண் பொறித்த பாத்திரமும், அந்த எண்ணை எழுதித் தரும் விற்பனையாளருமே நம்பத்தக்க வழி. 200 வரிசை அண்டா இருந்தால் அதை ஒதுக்க வேண்டும் என்பதில்லை. கழுவியதும் துடைத்து உலர வைத்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும்.

எஃகின் உண்மையான குறை அதன் வெப்பக் கடத்துதிறனில் உள்ளது. அலுமினியம் அதைவிட ஏறத்தாழ 15 மடங்கும், செம்பு 25 மடங்கும் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எனவே மெல்லிய ஒற்றைத் தகட்டு எஃகு அண்டாவின் அடியில் தீ நாக்கு படும் இடம் மட்டும் கடுஞ்சூடாகி, பாகுபோன்ற மால்ட் சாற்றைக் கரைத்துக் காய்ச்சுவோருக்கு அங்கேயே அடிபிடிக்கும். தீய்ந்த வாடை பியரை விட்டு நீங்காது. இதற்குத் தீர்வாக இரு எஃகுத் தகடுகளுக்கு இடையே தடித்த அலுமினியத் தட்டை அழுத்திப் பொருத்திய அடித்தட்டு செய்யப்படுகிறது. வீட்டினுள் மின் அடுப்பில் காய்ச்சுவோர் இத்தகைய அடித்தட்டுக்கு உறுதியாகப் பணம் செலவிடலாம். தூண்டல் அடுப்பெனில் அடித்தட்டின் வெளிப்படலம் காந்தத்தில் ஒட்டும் எஃகாக இருப்பதும் கட்டாயம். வெளியில் புரொபேன் அடுப்பில் காய்ச்சி, மால்ட் சாற்றைச் சேர்க்கும்போது தீயை அணைத்துக் கரைப்பவருக்கு ஒற்றை அடியும் போதும். அலுமினியப் பானையை இழித்துப் பேசுவதும் நியாயமன்று: அதன் ஆக்சைடுப் படலம் வோர்ட்டின் மென்மையான அமிலத்தைத் தாங்கும், கடுங்காரச் சலவைப் பொருள்களை மட்டுமே அது தாங்காது.

பழைய பியர் உருளை ஒரு தனிப் பேச்சு. 15.5 கேலன் கொள்ளும் அந்த எஃகு உருளையின் மேற்புறத்தை வட்டமாக அறுத்தெடுத்தால் உறுதியான அண்டா கிடைக்கும் என்பது உண்மை. ஆயினும் முன்பணம் கொடுத்துக் கடையிலிருந்து எடுத்துவரும் உருளை மதுவாலைக்குச் சொந்தமானது, முன்பணம் அதன் விலை ஆகாது. மதுவாலை தானே கழித்து விற்கும் உருளையை வாங்குவதே நேர்மை.

25 லிட்டர் கொதிநீரும் அண்டாவின் எடையும் சேர்ந்தால் 30 கிலோவை எட்டும். அதைத் தூக்கிச் சாய்ப்பது பெரும் விபத்துக்கு வழி. அண்டாவின் அடிப்பகுதியில் வால்வு பொருத்துவதற்கு முதன்மையான காரணம் இதுவே. வால்வுடன் வரும் அண்டாவை வாங்கலாம். அல்லது வெற்று அண்டாவில் துளையிடலாம். அரை அங்குலக் குழாய் என்று பெயர் பெற்றதன் வெளிவிட்டம் உண்மையில் 21 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்பதால், துளையின் அளவைக் குழாயின் பெயரைக் கொண்டு தீர்மானிக்காமல், வாங்கிய பொருத்தியை அளந்தே தீர்மானிக்க வேண்டும். இடம் அடிவளைவு முடிந்து சுவர் நேராகும் பகுதிக்கு மேலாக இருத்தல் வேண்டும். வளைவில் வாசர் முழுதாகப் படியாது. உட்புறம் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குழித்து, முதலில் சிறு துளையும் பின்னர் படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட்டும் பயன்படுத்த வேண்டும். இங்கே எஃகின் இயல்பை அறிந்திருப்பது இன்றியமையாதது: டிரில்லை வேகமாகச் சுழற்றி மென்மையாக அழுத்தினால் உலோகம் வெட்டுப்படாமல் தேய்ந்து இறுகிவிடும், இறுகிய இடத்தில் பிட்டின் முனைதான் மழுங்கும். மெதுவான சுழற்சி, உறுதியான அழுத்தம், அடிக்கடி ஒரு சொட்டு வெட்டெண்ணெய் ஆகிய மூன்றும் கூடினால் உலோகம் நீண்ட சுருள்களாக வெளிவரும். சுருள் நின்று தூள் வரத் தொடங்கினால் எண்ணெய் வற்றிவிட்டது அல்லது வேகம் கூடிவிட்டது என்று பொருள். துளை முடிந்ததும் இருபுறப் பிசிறையும் அரத்தால் ராவி நீக்க வேண்டும். விடுபட்ட ஒரு பிசிறு சிலிக்கான் வளையத்தைக் கிழித்துக் கசிவை உண்டாக்கும்.

பற்றவைக்காமல் வளையம், வாசர், நட் ஆகியவற்றால் இறுக்கிப் பொருத்தும் முறையே வீட்டுக்கு ஏற்றது. பற்றவைப்பு உறுதியானதுதான், ஆனால் திறமையற்ற கையில் அது கெடுதல் செய்யும். டிக் முறையில் பற்றவைக்கும்போது உட்புறத்திலும் ஆர்கான் வாயுவைச் செலுத்தாவிட்டால் அங்கே கருத்த சொரசொரப்பான பொருக்கு உண்டாகி, அழுக்கும் கிருமியும் ஒளிய இடம் தரும். எஃகு நெடுநேரம் 450 முதல் 850 டிகிரி வரை சூடேறி நின்றால் குரோமியம் கரியோடு சேர்ந்து விலகிப்போய் அந்த இடம் துருவுக்கு ஆளாகும். இதைத் தவிர்க்கவே கரி குறைந்த 304எல் தரம் பற்றவைப்புக்கு விரும்பப்படுகிறது. பாலாலைகளில் பற்றவைத்துப் பழகியவரிடம் கொடுப்பதாயின் தயக்கமின்றிக் கொடுக்கலாம்.

வால்வைத் தேர்வதில்தான் பலர் சிக்கனம் பார்க்கின்றனர், அங்கேதான் பார்க்கக் கூடாது. பால் வால்வின் உள்ளே துளையுள்ள எஃகு உருண்டை சுழல்கிறது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உருண்டைக்கும் உறைக்கும் இடையேயுள்ள குழிவில் சிறிது வோர்ட் புகுந்து தங்கிவிடும். வெளியே பளபளக்கும் வால்வைச் சில காய்ச்சலுக்குப் பின் பிரித்தால், அந்தக் குழிவில் பழுப்புப் பசையும் ஹாப்ஸ் துகளும் புளித்த நாற்றமும் இருப்பதைக் காணலாம். ஆறிய வோர்ட் இதே வழியாகத்தான் புளிக்கும் கலத்துக்குச் செல்கிறது என்பதை நினைத்தால் இதன் ஆபத்து விளங்கும். இரு துண்டு வால்வைப் பெரும்பாலும் பிரிக்க இயலாது. மூன்று துண்டு வால்வில் நான்கு போல்ட்டுகளைத் தளர்த்தினால் நடுப்பகுதி தனியே கழன்று வரும், உருண்டையையும் டெஃப்ளான் இருக்கைகளையும் கையில் எடுத்துக் கழுவலாம்.

மற்ற துணைப்பொருள்கள் இரண்டாம் நிலையில் உள்ளவை. உட்புறம் தரையை நோக்கி வளையும் சிறு உறிஞ்சுகுழாய் அவசியம். அது இன்றேல் வால்வின் மட்டத்துக்குக் கீழுள்ள வோர்ட் வீணாகும். அண்டாவின் சுவரில் திருகும் முகப்பு வெப்பமானி அழகானதே ஒழிய, ஓரிடத்து வெப்பத்தை மட்டும் காட்டுவது. கையில் பிடிக்கும் வெப்பமானி பல இடங்களில் அளக்க உதவும். மின் சூடேற்றியைப் பொருத்துவோர் தரைக்கசிவைக் கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு இன்றி ஒருபோதும் முனையக் கூடாது. புரொபேன் அடுப்பை மூடிய கார் கொட்டகையில் எரிப்பதும் அதே அளவு ஆபத்தானது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

புதிய அண்டாவில் மெருகேற்றிய எண்ணெயின் எச்சம் இருக்கும் என்பதால் முதலில் சோப்பு நீரால் நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். இரும்பு நார் கொண்டு தேய்த்தால் அதன் துகள்கள் எஃகில் பதிந்து துருப்பிடிக்கும். குளோரின் கலந்த வெளுப்பு நீரை ஊறவைத்தால் குளோரைடு படலத்தைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். சிறு துருப்புள்ளி தோன்றினால் ஆக்சாலிக் அமிலம் கலந்த தூளால் தேய்த்து, கழுவி, காற்றில் உலரவிட்டால் ஆக்சைடுப் படலம் மீண்டும் உருவாகும்.

பொருத்தி முடித்த அண்டாவை வோர்ட்டைக் கொண்டு சோதிக்க வேண்டாம். வெறும் நீரை ஊற்றி ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, சூட்டிலும் ஆறிய பின்னும் நட்டின் அடியில் விரலை வைத்து ஈரம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் நீரை இறக்கி, கால் சுற்று இறுக்கினால் போதும். கையிருப்பு குறைவாக உள்ளவர் 38 லிட்டர் 304 அண்டாவையும் மூன்று துண்டு வால்வையும் முதலில் வாங்கிக்கொள்க; முகப்பு வெப்பமானியும் நீர்மட்டக் கண்ணாடிக் குழாயும் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாம்.