பையின் மேல் பென்னிகுயிக்

மார்க்கையன்கோட்டை வயலில் அறுத்த நெல் அரிசியாகிப் பையில் ஏறும்போது அந்தப் பைக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. என்ன பெயர், என்ன படம், பெயருக்குக் கீழே என்ன ஒரு வரி என்று தீர்மானிப்பது எங்கள் தொழில். இந்தத் தொழிலுக்குள் புதிதாக ஒரு சோம்பல் நுழைந்திருக்கிறது. ‘நம்ம பிராண்டுக்கு ஒரு கதை வேணும்’ என்று ஆலைக்காரர் வாய் திறந்ததும், இளைஞர்கள் மடிக்கணினியைத் திறந்து விடுகிறார்கள். 1949-இல் வந்த ஜோசப் கேம்பலின் நூலிலிருந்து நாயகன் பயணம் என்று ஒரு வட்டம் வரும். 2001-இல் மார்கரெட் மார்க்கும் கரோல் பியர்சனும் உளவியலாளர் யுங்கின் பெயரால் வகுத்த பன்னிரண்டு ஆதிவடிவங்கள் அடுத்த ஸ்லைடில் வரும். ‘நீங்க கேர்கிவர் டைப் சார்’ என்று முடிப்பார்கள். குறிச்சொல்லைத் தட்டினால் கதையையும் எழுதித் தர இப்போது செயலி இருக்கிறது. கேம்பலைக் குறை சொல்லவில்லை. அவர் நூற்றுக்கணக்கான கதைகளை முழுசாகப் படித்துவிட்டு, உள்ளே கிடந்த எலும்பை எடுத்துக் காட்டினார். இவர்கள் எலும்பை வாங்கிவந்து, கைக்குக் கிடைத்த சதையை ஒட்டுகிறார்கள்.

புராணமோ ஊர்க்கதையோ, அதில் நமக்கு வேண்டிய பாதியை மட்டும் நறுக்கி எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். படத்தில் வராத மீதியும் கேட்பவர் மனசில் கூடவே வந்து உட்காரும். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது, சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் ஏறுகிறது. அந்தப் பெருமையை நினைத்து நகைக்கடைக்குச் சிலம்பைச் சின்னமாக வைக்கலாம் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கதையில் சிலம்பைத் திருடி, பழியைக் கோவலன் தலையில் போட்டவன் ஒரு பொற்கொல்லன். நகை விற்கிறவர் தாமாகவே அந்த நினைவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டி வைக்க வேண்டுமா? அமுதசுரபி என்று சாப்பாட்டுக்கடைக்குப் பெயர் வைப்பதும் இப்படித்தான். மணிமேகலையின் கையில் இருந்த பாத்திரம் பசித்தவனிடம் பில் கொடுக்கவில்லை. பக்கத்து ஊர் குச்சனூர் சனீஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிச் சனிக்கிழமைகளில் எங்கெங்கிருந்தோ வந்து எள்விளக்கு ஏற்றுகிறார்கள், அவ்வளவு பேர்போன சாமி. அந்தப் பெயரை அரிசிப் பையில் அச்சடிக்க இங்கே யாருக்கும் மனசு துணியாது. படிக்காத வியாபாரிக்கும் தெரிகிற இந்த விவரம் பன்னிரண்டு கட்டங்களில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இங்கே எல்லாருக்கும் கையில் வருகிற கதை, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக். எங்களுக்கு இருப்பதிலேயே கடினமான கதையும் அதுதான். டீக்கடை, உணவகம், திருமண பேனர், டிராக்டர் முகப்பு எங்கும் அந்த மீசை முகம் உண்டு. தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர், லோயர் கேம்ப்பில் 2013-இல் திறந்த மணிமண்டபம், ஜனவரி 15 பிறந்தநாளில் பொங்கல் என்று அவர் கிட்டத்தட்ட குலசாமி வரிசையில் சேர்ந்துவிட்டார். பேனரில் போடுகிற கதை ஒன்றே ஒன்று: கட்டிய அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, அரசாங்கம் இனிப் பணமில்லை என்றது, அவர் இங்கிலாந்துக்குப் போய்ச் சொந்தச் சொத்தை விற்றுப் பணம் கொண்டுவந்து கட்டி முடித்தார். இதற்கு ஆவணச் சான்று இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். மதராஸ் அரசாங்கத்தின் பொதுப்பணி அது. திட்டத்தின் வரலாற்றை, அதில் வேலை பார்த்த பொறியாளர் மெக்கன்சியே 1899-இல் புத்தகமாக எழுதிவைத்திருக்கிறார். அப்படியிருக்க, இந்தக் கதையை ஒரு விலைப் பொருளின் மேல் அச்சடிக்கலாமா? எங்கள் ஆட்களிலேயே பெரும்பாலோர் ‘சனங்க நம்புறாங்க, அது போதும்’ என்று தாண்டிவிடுகிறார்கள். போதாது. கிழவி திண்ணையில் பேரனுக்குச் சொல்லும்போது அந்தக் கதைக்கு விலை கிடையாது. தண்ணீர் கொடுத்தவனுக்குச் செலுத்துகிற நன்றி அது, அதில் மெய் பொய் பார்க்க நமக்கு வேலையில்லை. அதே கதை பையில் ஏறும்போது அதன் அடியில் எம்ஆர்பி நிற்கிறது. விலையோடு சொல்கிற எதுவும் சாட்சி சொல்வது போலத்தான், கேட்டால் நிரூபிக்க வேண்டும்.

சொத்து விற்ற கதையைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஏராளமாக இருக்கிறது. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுகிற பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வேலை அது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை இதே யோசனையோடு காட்டுக்குள் ஆள் அனுப்பினார், பணமில்லாமல் நின்றது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஆனது. 1887-இல் வேலை தொடங்கி, வெள்ளத்தில் பலமுறை அடித்துப்போய், சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டி, 1895 அக்டோபரில் திறந்தார்கள். நோயில் மட்டும் 483 பேர் செத்தார்கள், அணைக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்தத் தண்ணீரில் இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. இதில் எதை வேண்டுமானாலும் பையில் போடலாம், எவனும் மறுக்க முடியாது. ஆனால் அந்த 483 பேரைப் பற்றி ஒரு வரி கேட்டு எந்த பிரீஃபும் வருவதில்லை. ஒற்றை நாயகன் வட்டத்துக்குள் கூலியாட்களுக்கு இடமில்லை. அதோடு இன்னொரு சங்கடம். சொத்தை விற்று ஊருக்குக் கொடுத்தவர் என்று ஒருவரைப் பையின் நெற்றியில் வைத்துவிட்டு, உள்ளே அரை கிலோ குறைந்தால் வாங்கினவர் ஆலையைத் திட்டுவதோடு நிற்க மாட்டார், படத்தைக் காட்டித் திட்டுவார். சும்மா ‘தரமான அரிசி’ என்று போட்டிருந்தால் பாதித் திட்டோடு போயிருக்கும்.

பாதிக் கதையை எடுத்தே ஜெயித்தவர்கள் இல்லையா என்றால் உண்டு, அட்சய திருதியை. குறையாதது என்று பொருள்படும் நாளில் தானம் செய்தால் அதன் பலன் குறையாது என்பது பழைய வழக்கு. தானத்தை உருவிவிட்டு, தங்கம் வாங்கினால் தங்கம் பெருகும் என்று ஆக்கியது விளம்பரம். இன்றைக்கு விடியற்காலையிலேயே கடை வாசலில் வரிசை நிற்கிறது. எங்கள் தொழிலின் வெற்றிக்கொடி இது என்று பலர் மார்தட்டுகிறார்கள். ஆனால் அந்த நாளின் செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் நகைக்கடை, எல்லாவற்றிலும் ஒரே லட்சுமி, ஒரே நாணயக் குவியல், கடைசியில் எல்லாரும் சேதாரத்தில் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்று முடிக்கிறார்கள். கதை தங்கத்தை விற்றது, எந்தக் கடையையும் விற்கவில்லை. அப்படியானால் கதைக்கு என்று கடைக்காரர் தனியாகச் செலவழித்த பணம் பக்கத்துக் கடைக்கும் சேர்த்துச் செலவழித்ததுதான். நாலு பேரும் ஒரே சாமியை ஒரே மாதிரி கும்பிட்டால் எவர் பக்தர் என்று எப்படித் தெரியும்?

முழுசாகப் பொருந்திய கதைக்கு என் கண்ணில் படுகிற சாட்சி உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர். 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்த மருந்து. அதன் சின்னம் இரண்டு பாம்பைக் கையில் நெரிக்கும் குழந்தை ஹெர்குலிஸ். கிரேக்கக் கதையில் தொட்டிலுக்குள் பாம்பு வருகிறது, குழந்தையே அதைக் கொல்கிறது. வயிற்றுக்குள் முறுக்கிப் பிடிக்கிற வலிக்குப் பாம்பைவிட நல்ல உவமை கிடையாது. குழந்தை, ஆபத்து, மீட்சி மூன்றும் பாட்டிலுக்குள் இருப்பதோடு ஒட்டுகின்றன, அந்தத் தொட்டில் காட்சியில் மறைக்க வேண்டிய மீதி எதுவும் இல்லை. (பழைய ஆங்கிலக் கலவையில் கொஞ்சம் சாராயமும் இருந்தது. அழுகை அடங்கியதில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.) நம் நாட்டுக்கு வந்தபோது ஹெர்குலிஸ் யார் என்று யாரும் விளக்கவில்லை. பாம்போடு நிற்கிற குழந்தையை நம் வீட்டுப் பெண்கள் கண்ணன் என்றே எடுத்துக்கொண்டார்கள், கண்ணன் படம் போட்ட உட்வர்ட்ஸ் காலண்டரும் வந்தது. பிறகு தொலைக்காட்சியில் அதே மருந்துக்கு வந்த விளம்பரத்தில் சாமியும் இல்லை, பாம்பும் இல்லை. குழந்தை அழுகிறது என்ற சேதி தலைமுறை தலைமுறையாக மேலே ஏறுகிறது, ஒவ்வொரு தாயும் உனக்கும் இதைத்தான் கொடுத்தேன் என்கிறாள். அரை நிமிடத்தில் ஒரு வம்சக் கதை. அதை எழுதியவர் ஆதிவடிவப் பட்டியலைப் பார்த்திருக்க மாட்டார், நம் வீட்டு அடுப்படியைப் பார்த்திருக்கிறார்.

எல்லாருக்கும் உரிய கதையை ஒருவர் தனக்கென்று பதிவு செய்யப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் தீர்ப்பு இருக்கிறது. ‘ராமாயண்’ என்ற பெயரை ஊதுபத்திக்கு வணிகச் சின்னமாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனியுரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. இளைஞர்கள் இதைப் படித்திருந்தால் பாதி ஸ்லைடை அவர்களே அழித்திருப்பார்கள்.

அரிசிப் பைக்கு வருகிறேன். 25 கிலோ வரைக்கும் முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய பைக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்குப் பிறகு கடைகளில் அந்த வரிக்குள் வராத 26 கிலோ பை தலைகாட்டியது. அந்த ஒரு கிலோவுக்குள் இருக்கிற கெட்டிக்காரத்தனம் எங்கள் ஸ்லைடுகள் எதிலும் இல்லை. என்னைக் கேட்டால், பையிலிருந்து மீசை முகத்தை எடுத்துவிட்டு, பின்பக்கத்தில் இரண்டே வரி போடச் சொல்வேன்: பெரியாறு மதகு எந்தத் தேதியில் திறந்தது, இந்த நெல் எந்தப் போகம். நான்கு மாதத்துப் பயிர், ஜூனில் தண்ணீர் வந்தால் புரட்டாசிக்கு முன்னால் அறுப்பு இல்லை. ஆவணியில் விற்கிற பையில் ‘இந்தப் போகத்துப் புது அரிசி’ என்று இருந்தால் மார்க்கையன்கோட்டையில் சிறுபிள்ளைகூடச் சிரிக்கும். சென்னையில் வாங்குகிறவருக்கு முதலில் இது விளங்காது. மதகு என்றால் என்ன, போகம் என்றால் என்ன என்று கடைக்காரரைக் கேட்பார். கடைக்காரர் ஆலைக்குப் போன் போடுவார். ஆலைக்காரர் எடுத்துப் பதில் சொல்லியாக வேண்டும்.