நாள் சரியில்லை

பூசையில் நன்மை வாங்குமுன் எல்லாரும் சேர்ந்து ஒரு ஜெபம் சொல்வோம். தன் வீட்டுக்குள் ஆண்டவர் வரத் தனக்குத் தகுதியில்லை என்று நூற்றுவர் தலைவர் இயேசுவிடம் சொன்னது. மத்தேயு 8ஆம் அதிகாரம். அவர் ரோமானியப் படைக்காரர், ஆண். அதனால் சிறுமியான நானும் ‘தகுதியற்றவன்’ என்றே சொன்னேன். பக்கத்தில் அம்மாவும் அப்படித்தான். சொல்லிவிட்டு, சில ஞாயிறுகளில் அம்மா எழுந்து போகமாட்டாள்.

“ஏம்மா வரல?”

“நாள் சரியில்லடி.”

பொட்டிபுரத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போனவள் அம்மா. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணோடு கிடக்கும் சரத்தில் காய்க்கும். நாளெல்லாம் குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். தீட்டு நாளிலும் அந்த வேலை உண்டு. அவள் தொட்ட காயை யாரும் வேண்டாமென்றதில்லை. கோயிலிலும் இப்படியொரு விதி கிடையாது, எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. பாட்டி சொன்னாள். பாட்டிக்கு அவள் அம்மா.

கல்லூரி நாட்களில் விவிலியத்தில் தேடினேன். கடவுளைக் கண்டதும் எசாயா தன் உதடுகள் தூய்மையற்றவை என்று அலறுகிறார். நெருப்புக்கரி பட்டதும் அது தீர்கிறது. வலை கிழியுமளவு மீன் பட்டதும் பேதுரு இயேசுவின் முன் விழுந்து, தன்னை விட்டுப் போகச் சொல்கிறார். இருவரும் கண்ணால் பார்த்தபின் கூசியவர்கள். அந்தக் கூச்சம் அவர்களுடையது. லேவியர் 12 வேறு மாதிரி: ஆண் பிள்ளை பெற்றவளுக்கு 40 நாள் விலக்கு, பெண் பிள்ளைக்கு 80. அவள் எதையும் பார்க்கவில்லை, தப்பும் செய்யவில்லை. பெற்றாள், அவ்வளவுதான். மரியாவே இந்தக் கணக்கு முடிந்து, ஏழைகளின் காணிக்கையான இரண்டு பறவைகளோடு எருசலேம் போனதாக லூக்கா எழுதியிருக்கிறார்.

மாற்கு 5ஐ அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 12 ஆண்டு இரத்தப்போக்கு. இருந்ததையெல்லாம் வைத்தியத்துக்குக் கொட்டியவள். கூட்டத்தில் பின்னால் வந்து இயேசுவின் உடையைத் தொடுகிறாள். அவர் ‘மகளே’ என்கிறார். பிறகு அவர் குளித்ததாக மாற்கு எழுதவில்லை. நேரே இன்னொரு வீட்டுக்கு நடந்தார் என்றேன்.

“அவ நடுங்கிக்கிட்டேதானடி வந்தா” என்றாள் அம்மா. எனக்குப் பதில் வரவில்லை.

44 வயதில் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தையல் ஆறிய பிறகு வந்த முதல் ஞாயிறு, முன்வரிசையில் உட்கார்ந்தாள். எல்லாரோடும் ‘தகுதியற்றவன்’ சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் எழுந்துபோய் நன்மை வாங்கினாள். வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே, “இனிமே நாள் எண்ண வேண்டாம்டி” என்று சிரித்தாள்.

வீடு வரை நான் அவளோடு பேசவில்லை.